கேஷில் கரை சேர்ந்த வள்ளம்

ஆகஸ்ட் 9, வியாழன்

காற்றில் சிக்கிய வள்ளங்களில் எவை கரை சேர்ந்தன என்ற பட்டியலை ஊரே திறந்து பார்த்ததில், காலையில் எங்கள் மீனவர் தகவல் மையத்தின் டேட்டாபேஸ் திணறியது. ஒருமுறை வந்த பதிலையே மெமரியில் வைத்து ஒரு மணி நேரம் காட்டும்படி கேஷ் போட்டேன். சர்வர் மூச்சு விட்டது. எனக்குப் பெருமை வேறு.

குளச்சல் வள்ளம் ஒன்றைத் தவறாக ‘வந்தது’ என்று பதிந்து, ஐந்தே நிமிடத்தில் ‘தகவல் இல்லை’ என்று திருத்தினேன். கேஷைக் காலி செய்ய மறந்துவிட்டேன்.

மதியம் அந்த வள்ளக்காரரின் மனைவி அலுவலகத்துக்கே வந்தார். “வந்தாச்சுன்னு ஒரு மணிக்கூர் காட்டிச்சே மக்கா.”

என் தவறுதான் என்றேன். அவர் திட்டவில்லை.

“அந்தப் பழையதத் திருப்பிப் போடுவியா?”

முடியாது என்றேன்.

இப்போதும் அந்த வள்ளத்துக்கு ‘தகவல் இல்லை’ என்றே காட்டுகிறது. கேஷைக் காலி செய்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதேதான்.