குடம் இல்லாத நடை

மாதுங்கா, பம்பாய்
14-6-1959

அன்புள்ள வள்ளிக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுக்கிறேன். நீ கட்டிக்கொடுத்த புளியோதரை குண்டக்கல் வரை வந்தது. அதற்கப்புறம் பட்டினிதான். இந்த வரியை மட்டும் அம்மாவிடம் படித்துக் காட்டாதே.

வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. கார்ட்டூன் படம் என்றால் எலியும் பூனையும் வரையச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். பத்து நாளாக ஒரு மனிதரைத்தான் வரைகிறோம். கோவணம் கட்டிய துறைமுகக் கூலி ஒருவர் மேடைமேல் இருபது நிமிஷம் அசையாமல் நிற்கிறார். சுற்றிப் பதினோரு பேர் உட்கார்ந்து அவரைக் கரிக்கோலால் வரைகிறோம்.

நான் யார்? திருச்சிக் கொட்டகைகளுக்கு நாற்பதடி பேனர் எழுதியவன். நான் போட்ட மூக்கு ஒவ்வொன்றும் என் உயரம் இருக்கும். ஆனால் அதெல்லாம் போட்டோவில் கட்டம் போட்டு, துணியிலும் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் எழுதியது. இந்த மனிதர்மேல் கட்டம் இல்லையே. காலிலிருந்து ஆரம்பித்தால் தலைக்குத் தாளில் இடமில்லை. தலையிலிருந்து ஆரம்பித்தால் ஆள் அந்தரத்தில் தொங்குகிறார்.

மாஸ்டர் என் படத்தைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பக்கத்து இடத்துப் பிலோமின்ராஜ் நம் பாலக்கரைக்காரன். "பாரம் எந்தக் கால்ல இருக்குன்னு கேக்குறாரு" என்றான். "அவரு எந்தப் பாரமும் தூக்கலையே, சும்மாதானே நிக்கிறாரு?" என்றேன். அதை அவன் மாஸ்டருக்குச் சொல்ல, வகுப்பே சிரித்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இதுவரை எனக்குப் புரியவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு பரீட்சை. தேறினால் வேலை நிச்சயம், இரண்டு பேர் இருக்கிற மாதிரி ஓர் அறையும் கொடுப்பார்கள். தீபாவளிக்கு நீ இங்கே இருக்கலாம். தேறாவிட்டால் திரும்பவும் சாரத்தில் ஏறி மூக்கு எழுத வேண்டியதுதான்.

உன்
அழகிரி


மேல அடையவளஞ்சான் தெரு, ஸ்ரீரங்கம்
23-6-1959

அன்புள்ளவர்களுக்கு வள்ளிக்கண்ணு வணக்கமாக எழுதுவது.

இங்கே நானும் அத்தையும் நலமாக இருக்கிறோம். பட்டினி வரியை நான் தாண்டித்தான் படித்தேன். ஆனால் அத்தை, "குண்டக்கல்லுக்கு அப்புறம் என்ன சாப்பிட்டானாம்?" என்று கேட்டுவிட்டார்கள். எனக்குப் பொய் வரவில்லை. இரண்டு நாளாக உங்கள் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் சாப்பிடுகிறார்கள்.

கோவணம் கட்டிய ஆளைப் பற்றி அத்தை அக்கம்பக்கத்து எட்டு வீட்டுக்கும் சொல்லி முடித்தாயிற்று. இதற்கா அவ்வளவு தூரம் போனான், காவேரிக் கரையில் நிற்காத கோவணமா என்று அத்தை கேட்கிறார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பெண்களையும் இப்படி நிறுத்தி வைத்து வரைவார்களா? இருந்தால் எழுதிவிடுங்கள், இல்லையென்றாலும் எழுதிவிடுங்கள்.

பாரம் சமாசாரம் எனக்குப் புரிந்த மாதிரி இருக்கிறது. நிற்கிறவர்களுக்கு அவர்கள் உடம்பே பாரம்தானே. அதிக நேரம் நின்றால் காலை மாற்றிக்கொள்கிறோம் அல்லவா, அதைக் கேட்டிருப்பார். நான் எட்டாவது வரை படித்தவள், தப்பாக இருந்தால் சிரிக்க வேண்டாம்.

தீபாவளியை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
வள்ளிக்கண்ணு


மாதுங்கா
19-7-1959

அன்புள்ள வள்ளிக்கு,

உன் பதிலைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். கூலிக்காரர் நின்றார். அவர் இடது இடுப்பு தூக்கியிருந்தது, வலது தோள் தூக்கியிருந்தது. பாரம் இடது காலில். ஒரு மாதமாக என் கண்ணெதிரே இருந்ததை ஸ்ரீரங்கத்திலிருந்து நீ காட்டவேண்டியிருக்கிறது. பெண்களை நிறுத்துவதில்லை, நிம்மதியாக இரு.

இப்போது நடை. கண்ணாடி மேஜைக்கு அடியில் விளக்கு எரியும். ஒரு தாளில் வரைந்து, அதன்மேல் அடுத்த தாளை வைத்து, அடியில் தெரியும் கோட்டைப் பார்த்துக் கொஞ்சம் நகர்த்தி வரையவேண்டும். இப்படிப் பன்னிரண்டு தாள் சேர்ந்தால் படத்தில் ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியில் ஆள் இரண்டு எட்டு வைக்கவேண்டும். ஒரு காலுக்கு ஆறு தாள், மறு காலுக்கு ஆறு. நான் முதலில் போட்ட ஆள் ராணுவத்திலும் சேர்க்க முடியாதபடி விறைத்து நடந்தான்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று கிராமங்களில் காட்ட ஒரு படம் எடுக்கிறார்களாம். அதற்காக ஆளுக்கு ஒரு பெண்ணை நடக்கவைக்கச் சொன்னார்கள். முதலில் குடத்தோடு, பிறகு குடம் இல்லாமல். நான் யாரை வரைவேன்? கண்ணை மூடினேன். நீ காவேரியிலிருந்து அம்மா மண்டபத்துப் படியேறி, இடது இடுப்பில் குடத்தோடு மொட்டைக் கோபுரத்துக்கு உள்ளே வருகிறாய். மளமளவென்று போட்டுவிட்டேன். மாஸ்டர் பன்னிரண்டு தாளையும் விரலால் புரட்டிப் பார்த்தார். மறுபடி புரட்டினார். "இவள் குடத்தில் தண்ணீர் இருக்கிறது" என்றார். இங்கே வந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அது உன்னுடையது.

உன்
அழகிரி


ஸ்ரீரங்கம்
5-8-1959

அன்புள்ளவர்களுக்கு வள்ளிக்கண்ணு வணக்கமாக எழுதுவது.

ஆடிப் பதினெட்டுக்குக் காவேரி இரு கரையும் தொட்டுப் போனது. கூட்டம் தாங்கவில்லை. தலை ஆடிக்கு அழைத்துப்போக அண்ணன் லால்குடியிலிருந்து வந்திருந்தான். மாப்பிள்ளை ஊரில் இல்லாதபோது அழைப்பு எதற்கு என்று அத்தை சொல்லிவிட்டதால் பலகாரத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனான். படித்துறையில் அத்தைதான் எனக்குப் புதுச் சரடு கட்டிவிட்டார்கள்.

மாஸ்டர் பாராட்டியதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் பெண்டாட்டி நடையை ஊரார் பார்க்கப் படம் போடுவார்களா யாராவது? பம்பாயில் தண்ணீர் எடுக்கிற பெண்களே இல்லையா? குடம் இல்லாத படத்துக்காவது வேறு யாரையாவது பார்த்து வரையுங்கள். நான் ஏதோ விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
வள்ளிக்கண்ணு


மாதுங்கா
18-8-1959

அன்புள்ள வள்ளிக்கு,

ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். நீதான் அவிழ்க்கவேண்டும்.

குடம் இல்லாத நடை எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. பழைய தாள்மேல் புதுத் தாள் வைத்து, குடத்தை விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன். மாஸ்டர் புரட்டிப் பார்த்து, "குடம் போய்விட்டது, பாரம் ஏன் போகவில்லை?" என்றார். சரி, பழையதை அப்படியே பிரதி எடுத்ததுதான் தப்பு என்று புதிதாக வரைந்தேன். ஆறு தடவை வரைந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வலது காலுக்கு ஏழு தாள், இடது காலுக்கு ஐந்து தாள் என்று வந்து விழுகிறது. இடது காலை ஊன்றும்போது உடம்பு கொஞ்சம் இறங்குகிறது, உடனே அந்தக் கால் எழுந்துவிடுகிறது. "உன் பொம்மைக்குக் கால்ல முள்ளு குத்தியிருக்கா?" என்கிறான் பிலோமின்ராஜ். நான் வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாக அப்படிப் போகிறது.

நேற்று இன்னொன்று தோன்றியது. நீ வெறுங்கையோடு நடந்து நான் எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். குடம், வாளி, துவைத்த துணிமூட்டை, எதிர்வீட்டுக் குழந்தை. எதுவும் இல்லையென்றால் முறம். கல்யாணமாகி நாம் சேர்ந்திருந்த நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை. அது எப்படி? குடத்தை இறக்கி வைத்தபிறகு நீ எப்படி நடப்பாய்? கொஞ்சம் நடந்து பார்த்து எழுது. பரீட்சைக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது.

உன்
அழகிரி


மாதுங்கா
9-9-1959

வள்ளிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? உனக்கா? நான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன்? ஒரு கார்டாவது போடு.

அழகிரி


ஸ்ரீரங்கம்
16-9-1959

அன்புள்ளவர்களுக்கு,

அத்தை நலம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஐந்து கடிதம் எழுதி அடுப்பில் போட்டேன். இதைப் போடப் போவதில்லை.

உங்கள் படத்தில் தப்பே இல்லை. நான் அப்படித்தான் நடக்கிறேன்.

ஆறு வயதில் கிணற்றுப் படியில் விழுந்து இடது கால் முறிந்தது. நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டார். எலும்பு கூடியது, ஆனால் கால் ஒன்றரை விரல் குட்டையாகக் கூடிவிட்டது. இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நான் நடந்து வந்ததைப் பார்த்தார்கள், காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் நீங்கள் வந்தபோது என்னை முன்பே பாயில் உட்காரவைத்துவிட்டார் என் அம்மா. நான் எழுந்து நடக்கவே இல்லை, கவனித்தீர்களா? "பொண்ணுக்குக் கூச்சம்" என்றார்கள். நீங்களும் சிரித்தீர்கள். கல்யாணத்தன்று அக்கினியை எல்லோருமே மெதுவாகத்தான் சுற்றுகிறார்கள்.

வந்த மூன்றாம் நாளே அத்தை கண்டுபிடித்துவிட்டார்கள். குளித்துவிட்டு ஈரக்காலோடு முற்றத்தைத் தாண்டினேன். சிமெண்டில் வலது கால் முழுசாகப் பதிந்திருந்தது, இடது காலில் விரல்கள் மட்டும்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எத்தனை வயசுலேர்ந்து?" என்றார்கள். நான் அழுதேன். ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பெட்டியைக்கூட எடுத்துவிட்டேன். அத்தை உள்ளே போய்ப் பித்தளைக் குடத்தை எடுத்துவந்து, "இதை இடது பக்கம் வச்சு நட. பாரத்துல சாயுறேன்னு நெனைச்சுக்குவாங்க. நேரம் வரும்போது அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார்கள். நேரம் வரவில்லை. நீங்கள் பம்பாய்க்குப் போய்விட்டீர்கள். எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதி வெட்கமாகவும் இருந்தது.

சொல்லாமல் கல்யாணம் செய்தது ஏமாற்றுத்தான். அங்கே அறை எடுக்க வேண்டாம் என்று தோன்றினால் எனக்கு நேராக எழுதுங்கள், அண்ணனுக்கு எழுத வேண்டாம். பரீட்சைக்கு என்னை வரையாதீர்கள். நல்ல கால் உள்ள யாரையாவது பாருங்கள். என்னால் உங்கள் வேலை போகக்கூடாது.

வள்ளிக்கண்ணு


மாதுங்கா
2-10-1959

அன்புள்ள வள்ளிக்கு,

உன் கடிதம் பரீட்சைக்கு நான்கு நாள் முன்னால் வந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டே திரிந்தேன். காலைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை என்று அன்றைக்கே எழுதியிருந்தால் நல்லவன் என்று பேர் வாங்கியிருக்கலாம். ஆனால் அப்படி இல்லை. முதலில் கோபம்தான் வந்தது. பாயில் உட்காரவைத்ததற்கு உங்கள் வீட்டார்மேல் கோபம், குடம் கொடுத்ததற்கு அம்மாமேல் கோபம். எல்லாருக்கும் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறதே என்று என்மேல் அதைவிட. பார்த்து வரைவதையே தொழிலாக எடுத்துக்கொண்டவன், நான்கு மாதம் ஒரே வீட்டில் இருந்து உன் காலைப் பார்க்கவில்லை. என் கை மட்டும் பார்த்துவைத்திருக்கிறது. இது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அம்மாவிடம் சொல், அவளுக்குத் தனியாக எழுதுகிற நிலையில் நான் இல்லை.

பரீட்சைக்குப் பிலோமின்ராஜைத் தாழ்வாரத்தில் துண்டை முந்தானையாகப் போட்டு நடக்கவிட்டு, அதைப் பார்த்து வரைந்தேன். ஆறு தாள், ஆறு தாள். படமாக எடுத்துத் திரையில் போட்டார்கள். ஒரு பெண் நேராக, அழகாக நடந்து போனாள். எல்லாரும் கைதட்டினார்கள். மாஸ்டர் என் முதுகில் தட்டினார். தேறிவிட்டேன், வள்ளி. ஆனால் அவள் யாரோ. பத்துத் தடவை போட்டுக் காட்டினாலும் எனக்கு அவளைத் தெரியப்போவதில்லை. ஐந்தும் ஏழுமாக நடக்கிறவளைத்தான் தெரியும். அந்தப் பன்னிரண்டு தாளும் என் பெட்டியில் இருக்கிறது.

கோபம் முழுசாகப் போய்விட்டதா என்று கேட்காதே. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை எதிரில் வைத்துத்தான் தீர்த்துக்கொள்ள முடியும் போலிருக்கிறது. அறைக்குச் சாவி வாங்கிவிட்டேன். அண்ணனோடு புறப்பட்டு வா. தாதர் ஸ்டேஷனில் நிற்பேன். பெட்டி படுக்கையை அவன் தூக்கட்டும், நீ கையில் எதுவும் வைத்துக்கொள்ளாதே. கைப்பைகூட வேண்டாம். வண்டியிலிருந்து இறங்கி நான் நிற்கிற இடம் வரை வெறுங்கையோடு நடந்து வா. வரைய மாட்டேன், பயப்படாதே. எனக்குப் பார்க்கவேண்டும்.

உன்
அழகிரி


ஸ்ரீரங்கம்
12-10-1959

அன்புள்ளவர்களுக்கு வள்ளிக்கண்ணு எழுதுவது.

இருபத்தாறாம் தேதி புறப்படுகிறோம். நீங்கள் தனியாக எழுதாததில் அத்தைக்கு வருத்தம்தான், காட்டிக்கொள்ளவில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி கட்டி வைத்திருக்கிறார்கள். "கையில வச்சுக்க, இல்லேன்னா ஒடைஞ்சிடும்" என்றார்கள். கையில் எதுவும் எடுத்துக்கொண்டு போகமாட்டேன் என்று சொன்னேன். ஜாடியை அண்ணன் தூக்கப்போகிற மூட்டையில் வைத்துக் கட்டினார்கள்.

இன்று காலையில் குடத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, அம்மா மண்டபம் வரை நடந்து போய்த் திரும்பி வந்தேன். தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும். காலைப் பற்றி எனக்குக் கவலையாக இல்லை. கைகளைத்தான் எங்கே வைத்துக்கொள்வது என்று போகிற வழியெல்லாம் தெரியவில்லை. முந்தானையைப் பிடித்தேன், விட்டேன், மறுபடி பிடித்தேன். கோபுரத்தைத் தாண்டிய பிறகு பிடிக்காமலே வந்தேன். இதற்கு உங்கள் வகுப்பில் ஏதாவது சொல்லிக்கொடுத்திருந்தால், இருபத்தாறாம் தேதிக்குள் எழுதுங்கள்.

உங்கள்
வள்ளி