கைப்பிடி அரிசி விஷயமாக

வெம்பக்கோட்டை
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்புள்ள மகள் எழிலுக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. கர்த்தர் கிருபையில் நான் நடமாட்டமாக இருக்கிறேன். நீயும் மருமகனும் பேத்தியும் பூனாவில் சுகமாக இருக்க வேண்டுமென்று விடிந்ததும் ஒருதரம், படுக்கும்போது ஒருதரம் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத்து வராதென்று உனக்குத் தெரியும், பக்கத்து வீட்டு சுகிர்தாதான் எழுதுகிறாள். காலண்டர் சீசனில் அவளுக்கு பிரஸ்ஸில் மூச்சுவிட நேரமில்லை, இன்று ஞாயிறு என்பதால் உட்கார்ந்திருக்கிறாள். நான் பேசுவதை அப்படியே எழுதினால் பூனாவில் சிரிப்பார்களாம், திருத்தித்தான் எழுதுவாளாம். விஷயம் மாறாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ அழுதுவிடுகிறாய்.

இங்கே மழை பரவாயில்லை, அணையில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது, கருப்பணன் மக்காச்சோளம் போட்டிருக்கிறான். தீபாவளி முடிந்ததால் வெடி கம்பெனிகளில் இன்னும் ஆள் எடுக்கவில்லை. கண் ஆபரேஷன் செய்தது நன்றாக இருக்கிறது, வேதாகமத்தைத்தான் படிக்க முடியாது, படிக்கிறவர்கள் முகத்தையாவது பார்க்க முடிகிறது. முட்டிவலி மட்டும் உண்டு. அதற்காக நீ மருந்து எதுவும் அனுப்ப வேண்டாம்.

போன ஞாயிறு நீ போனில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமனார் விருதுநகரிலிருந்து என்னைப் பார்க்க வந்தாராம், தெருமுனையில் என்னைச் சாக்கோடு பார்த்தாராம், நம் வீட்டுக்கு வராமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாராம். உங்க அப்பா வீடு வீடாப் போயி அரிசி எடுத்துத்தான் திங்காரா, அதுவும் கை வெந்து கெடக்குறவ பானையிலயே கையை விட்டு அள்ளுதாரே என்று அங்கே கேட்கிறார்களாம். நான் தலை நிமிர்ந்து நடக்கணும்பா, அதை விட்டுருங்க, இல்லைன்னா இங்க வந்துருங்க என்று அழுதாய். உன் மாமனார் பார்த்தது மெய்தான். பொய் சொல்கிறவர் இல்லை அவர். ஆனால் பார்த்தது பாதி. மீதியைச் சொல்கிறேன்.

கைப்பிடி அரிசி உனக்குப் புதிதல்ல. உலை வைக்கும்போது சபைக்கென்று முதலில் ஒரு பிடி எடுத்து உன் அம்மா அடுப்பு மேட்டுக் கலயத்தில் போடுவாள், ரேஷன் கடை திறக்காத வாரத்திலும் போடுவாள். உன் மாமனார் சபையில் கவரில் பணம் போடுகிற காணிக்கைதான், அவருக்கு இது தெரிய நியாயமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் சங்கத்தார் வீடு வீடாகப் போய்ச் சேர்த்து, இல்லாத வீட்டுக்குக் கொடுப்பார்கள். உன்னிடம் இதுவரை சொல்லாதது ஒன்று உண்டு. நீ கைப்பிள்ளையாக இருந்தபோது நான் வேலை பார்த்த கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது, உன் அம்மாவுக்குப் பிரசவக் காய்ச்சல். அப்போது அந்த அரிசிதான் நம் வீட்டுக்கு வந்தது. வேதக்கண் ஆசாரி வீட்டம்மா கொண்டுவந்து, வாசலில் வைக்காமல் நேரே அடுப்படிக்குப் போய் உலையும் வைத்துவிட்டுப் போனாள். சேலை மாம்பழக் கலர், முந்தியில் மஞ்சள் கறை. எனக்கு மறக்கவில்லை. அதனால் அரிசி எடுத்துத் தின்றாரா என்று கேட்டால், ஆமாம், தின்றோம், நீயும் அந்தச் சோற்றில் ஊறிய பாலில்தான் வளர்ந்தாய்.

கடைசியில் வீடு வீடாகப் போய்ச் சேர்த்துவந்தவள் உன் அம்மாதான், அவள் போன பிறகு கலயங்கள் நிரம்பி வண்டு விழ ஆரம்பித்தது. சங்கத்துப் பெண்கள் எல்லோரும் விடியுமுன் கம்பெனி வேனில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவார்கள், சும்மா இருந்தவன் நான் ஒருவன். அதனால் சாக்கைத் தூக்கினேன். டீக்கடையில் கருப்பணன், என்னய்யா மாசிலாமணி, பொம்பளைக சங்கத்துல சேந்துட்டீராமே, சேலை எப்பம் எடுக்கீரு என்றான். நீரு எடுத்துக் குடுத்தா உடுத்திக்கிடுதேன் என்றேன்.

மாடத்தியை உனக்குத் தெரியாது, நீ கல்யாணமாகிப் போன பிறகு அம்மன் கோயில் தெருவுக்குக் குடிவந்தவள். நம் சபை இல்லை. ஆடி மாதம் ஒரு கம்பெனியில் தீப்பிடித்து இரண்டு கையும் வெந்துபோனது. வீட்டில் அவளும் பல் போன மாமியாரும்தான். அந்த வீட்டுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டுமென்று போதகர் சொன்னார். முதல்தரம் வாங்கிக்கொண்டாள். அடுத்ததரம் போனபோது, பெரியவரே, உங்க சாமி அரிசி ஒரு உலையில வேக மாட்டேங்குதே, பாதி கூழு பாதி கல்லு, எங்க அத்தை எதை வச்சு மெல்லுவாக என்றாள். சரிதானே, பொன்னியும் பச்சரிசியும் ரேஷன் புழுங்கலும் ஒரே சாக்கில் கிடந்தால் எப்படி வேகும். சங்கத்தில் சொன்னேன், நல்லது தனி, ரேஷன் தனி என்று இரண்டு சாக்கு கொண்டுபோகச் சொன்னார்கள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அந்தச் சனிக்கிழமை எஸ்தர் பாக்கியம் கலயத்தோடு வாசலுக்கு வந்தவள், இரண்டு சாக்கையும் பார்த்ததும் கலயத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். இந்த வாரம் போட மறந்துட்டேன் மாமா என்றாள். அடுத்த வீட்டிலும் மறந்திருந்தார்கள், அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான். ரேஷன் அரிசி போடுகிறவள் யார் என்று தெருவுக்கே காட்டுகிற சாக்கை நான் தோளில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். அடுத்த வாரம் பழையபடி ஒரே சாக்கு. எஸ்தர் கலயம் தலைதட்டி நிறைந்திருந்தது.

மாடத்தியிடம் போய் ஒளிக்காமல் சொன்னேன், அரிசி கலந்துதான் வரும் தாயி, பிரித்தால் இல்லாதவர்கள் போட மாட்டார்கள் என்று. அவள் சிரித்துவிட்டாள். இதுக்கா இந்தப் பாடு, ஊறப்போட்டு உலத்தி மில்லுல குடும், மாவாப் போச்சுன்னா எவ வீட்டு அரிசின்னு எவனுக்குத் தெரியும் என்றாள். அவளால் தூக்கிச் சுமக்க முடியாது, அதனால் ஊறப்போடுவதும் பாயில் உலர்த்துவதும் மில்லுக்குக் கொண்டுபோவதும் என் வேலை. புட்டு அவித்தால் மாமியாருக்கு மெல்லவே வேண்டாம். இப்போது மற்ற வீடுகளுக்கும் மாவாகவே கொடுக்கிறோம்.

கொஞ்ச நாள் கழித்து நிவாரணப் பணம் வந்து அவளே அரிசி வாங்க ஆரம்பித்ததும், நானும் ஒரு பிடி போடலாமா, உங்க சாமி ஒத்துக்கிடுமா என்று கேட்டாள். போதகரிடம் சொன்னேன், அரிசிக்கு யாரும் ஞானஸ்நானம் கேக்கல, வாங்கிட்டு வாரும் என்றார். வாசலில் பானையைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் அரிசிக்குள் கையை விட்டாள். புண் ஆறிவிட்டது, விரல்தான் மடங்கவில்லை. அள்ள அள்ளச் சரிந்து பானையிலேயே விழுந்தது. கரண்டியால் போடு என்றேன். கைப்பிடின்னுதானே பேரு, கரண்டிப்பிடியா, உம்ம கையை விட்டு எனக்காக ஒரு பிடி அள்ளும் என்றாள். அள்ளினேன். உன் மாமனார் தெருமுனையில் நின்று பார்த்தது அதைத்தான்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லி எனக்காக நீ வழக்காட வேண்டாம். இன்னொருமுறை வந்தால் வீட்டுக்கே வரச் சொல், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் நான் இருக்க மாட்டேன், மற்ற நேரம் காப்பி போட்டுத் தருவேன். மருமகனிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பூனாவுக்கு வந்து பேத்தியைப் பார்க்க ஆசைதான், வந்தாலும் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு இங்கே இருக்கும்படி வியாழக்கிழமையே ரயில் ஏறிவிடுவேன். சாக்கை விட மாட்டேன். நீ தலை நிமிர்ந்து நடக்க வேண்டுமென்றுதான் எனக்கும் ஆசை, இதற்காக நீ தலை குனிய வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதச் சொன்னேன். சுகிர்தாவுக்குக் கை வலிக்கிறதாம்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, மருமகன் வேலையில் நிலைக்கட்டும், பேத்திக்கு என் முத்தம். கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஒன்று மறக்காதே. அங்கே என்ன அரிசி கிடைக்கிறதோ, அதில் உலை வைக்குமுன் தினம் எடுத்து ஒரு டப்பாவில் சேர்த்து வை, கொண்டுவா, மாவோடு மாவாகிவிடும். உனக்கு விரல் நன்றாக மடங்கும் தாயி, ஒரு பிடி எடு.

இப்படிக்கு,
உன் அப்பா மாசிலாமணி
(இடது பெருவிரல் ரேகை)