கமராவின் சின்னச் சில்லு

2009 ஜனவரி 10, சனி

சுனாமிக்குப் பிறகு முகாமில் தொடங்கிய முதியோர் வகுப்பில்தான் எழுத்துப் படித்தேன். இப்போது அறுபத்தெட்டு வயது. கிளென் என்று என் பெயரை நானே எழுதுகிறேன். அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் இன்று நல்ல நாள் இல்லை. மகள் அனுப்பிய கமராவோடு ஒரு கலியாணத்துக்குப் போனேன். கண் வைக்கும் துவாரத்துக்குள் சின்னத் திரை. அதில் மாப்பிள்ளை, பெண், பாதர் எல்லாம் புகை. கண்ணாடியைத் துடைத்தேன், கழற்றினேன். புகைதான். ஒரு படமும் எடுக்கவில்லை.

றெக்ஸ் என் மனைவி வேராவின் தம்பி. போர்த்துக்கேயர் வழி வந்த எங்கள் பறங்கிச் சனத்தின் கலியாணங்களை முப்பது வருடமாகப் படமெடுப்பவன். எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: "கண் போன ஆளுக்கு இஞ்ச என்ன வேலை மச்சான்? போய் மேசை அடிங்க."

நான் தச்சன். சிரித்தார்கள். வேராவும்.

ஜனவரி 13

கண்ணாடிக் கடை. ஷாகிரா என்ற பிள்ளைதான் கண் சோதிப்பது. முன்பெல்லாம் எனக்கு முள்ளுக்கரண்டிப் படம் போட்ட அட்டை. அது எந்தப் பக்கம் பார்க்குதென்று கையால் காட்ட வேண்டும். இன்று எழுத்து அட்டையைக் கேட்டு வாங்கி வாசித்தேன். பிறகு மேலிருந்து இன்னொரு தரம்.

"போதும் அங்கிள், கடையில ஆக்கள் நிக்காங்க."

கண்ணில் பிழை இல்லையாம். கமராவை வாங்கிப் பார்த்தாள். துவாரத்தின் பக்கத்தில் பருப்பளவு சில்லு, குட்டிச் சக்கரம் மாதிரி. திருப்பினாள். திரை தெளிந்தது. பார்க்கிற ஆளின் கண்ணுக்குத் திரையைப் பொருத்துகிற சில்லாம். படத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. அந்தப் புகையோடு எடுத்திருந்தாலும் படம் நன்றாக விழுந்திருக்குமாம்.

"ஆரோ திருப்பிட்டாங்க அங்கிள்."

ஆரோவா? கோயில் வாசலில "தாங்க பாப்பம்" எண்டு வாங்கிக் குடைஞ்சவன் ஆர்? றெக்ஸ், உனக்கு வைக்கிறன்.

ஜனவரி 14

விடிய எழும்பினதிலிருந்து அதே நினைவு. நல்ல பசி. நாலு பாண் துண்டு சாப்பிட்டேன்.

பெப்ரவரி 21, சனி

முடிந்தது. கலியாண வீட்டில் றெக்ஸ் கமராவை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். அவனுடையதும் என்னுடையது மாதிரியே. சில்லை முடியுமட்டும் திருப்பினேன்.

வயலின் தொடங்கியது. கபரிஞ்ஞா ஆட வந்தார்கள். றெக்ஸ் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்தான். கழற்றினான். "என்ன மச்சான், பனியா?" என்றேன். எனக்கு உடம்பெல்லாம் இனித்தது.

அவன் சண்டைக்கு வரவில்லை. கதிரையில் இருந்துவிட்டான். "எனக்குச் சீனி வருத்தமெல்லோ. கண்ணுக்கு வருமெண்டு டொக்டர் சொன்னவர். நீங்க எடுங்க."

எண்பது படம் எடுத்தேன்.

பெப்ரவரி 22

சில்லைப் பற்றித் தெரிந்தவன் ஏன் பயந்தான்?

மார்ச் 8

வேராவைப் படமெடுக்கக் கமராவைத் தூக்கினேன். மறுகாவும் அதே புகை. றெக்ஸ் இந்தப் பக்கமே வரவில்லையே?

வேரா கிட்ட வந்து பார்த்தாள். "இஞ்சாருங்க, உங்கட கண்ணாடி விளிம்பெல்லோ அதை உருட்டுது."

விளிம்பு சில்லில் படும்படி நாலு தரம் தூக்கிப் பார்த்தேன். நாலு தரமும் உருண்டது. அன்றைக்கும் றெக்ஸ் சில்லைத் தொடவேயில்லை.

மார்ச் 9

தபசு காலம், ஈஸ்டர் மட்டும் கலியாணம் ஒன்றும் இல்லை. றெக்ஸிடம் பிறகு சொல்லலாம். என்னைப் பார்த்துச் சிரித்ததாவது உண்மைதானே.

மே 19

நாட்டில் சண்டை முடிந்ததாம். ரவுண் கடைத்தெருவில் வெடி கொளுத்துகிறார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம்.

பின்னேரம் எங்கள் சனத்துப் பிள்ளை பிறிசில்லாவின் தாய் வந்தாள். ஜூனில் மகளுக்குக் கலியாணம், படத்துக்கு நான்தான் என்றாள். றெக்ஸ் கமராவை விற்கப் போகிறானாம்.

இதைத்தானே கேட்டனான்? பிறகேன் சோறு இறங்கேல்ல?

மே 20

றெக்ஸ் வீட்டுக்குப் போனேன். கமராவை வாங்கிச் சில்லைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குள்ளால் யன்னலைப் பார்த்தான், வாவியைப் பார்த்தான், கடைசியில் என்னை.

"இது ஆர்ர வேலை?"

"என்ட."

"எப்ப?"

"கபரிஞ்ஞா ஆடக்குள்ள."

முதலில் கமராவுக்குள் இருண்டது, அடுத்தது வெளியிலும் இருளும் என்று நம்பினானாம். வீட்டுக்குள் கண்ணை மூடி நடந்து பழகினானாம், மூன்று மாதம். மன்னிப்புக் கேட்டேன்.

"போங்க மச்சான்," என்றான். அவ்வளவுதான்.

ஜூன் 27, சனி

பிறிசில்லாவின் கலியாணத்தை றெக்ஸே எடுத்தான். அவன் கண்ணில் பிழை இல்லையென்று அவளின் தாயிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.

இன்று அல்பம் வந்தது. நூறு படம், எல்லாம் நல்ல தெளிவு. பதினொன்றில் நான் நிற்கிறேன். சேட்டுப் பொத்தானில் பிரிந்த நூல்கூடத் தெரிகிறது. பதினொன்றிலும் என் கழுத்தோடு படம் முடிகிறது.