வானுக்குள் இருந்த கோவில் வாங்கு

என்னைத் தனியே விட்டிட்டுப் போன என் அன்பு மனுசனுக்கு,

வான் வண்டிக்குள் நீங்கள் பலகையில் செய்துவைத்த மேசையையும் இருக்கை வாங்குகளையும் கழற்றிவிட்டார்கள். இதை உங்களுக்குச் சொல்ல வேறு யாருக்கும் முகம் இருக்காது. அதனால் நானே எழுதுகிறேன்.

பறவை பார்க்க மன்னாருக்கு வருகிறவர்கள் உள்ளேயே சமைத்து, படுத்து, ஊர் சுற்றட்டும் என்று உங்கள் அண்ணர் அந்த வானை வாங்கினார். உள்வேலை எல்லாம் நீங்கள். நடுவில் மேசை, இரண்டு பக்கமும் எதிரெதிரே வாங்கு, எல்லாம் தரையோடு சேர்த்து இறுக்கியாயிற்று. அளவு எங்கே எடுத்தீர்கள்? வங்காலை வேதக் கோவிலில். பூசை முடிந்து சனம் போனபிறகு, அளவுநாடாவும் கையுமாக நின்றீர்கள்.

"பெரிய வெள்ளிக்கு அந்த வாங்கில எவ்வளவு நேரம் இருக்கிறம்? முதுகு நாரி முறிஞ்ச ஆரையும் கண்டனீரோ?" என்று என்னைக் கேட்டீர்கள். பிரசங்கத்தில் நித்திரை கொள்ளக்கூடாது என்று செய்த வாங்கை, லீவில் வருகிறவர்களுக்குச் செய்து கொடுத்த ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

கடைசியில் அதில் கூடுதலாக இருந்ததும் நீங்கள்தான். முள்ளந்தண்டில் புற்றுநோய் என்று சொன்னபிறகு கொழும்புக் கிளினிக்குக்கு அந்த வானில்தான் போய்வந்தோம். மேல்தட்டுப் படுக்கைக்கு உங்களால் ஏற முடியவில்லை. வாங்கில் சாயவும் வழியில்லை. புத்தளம் தாண்டியதும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவீர்கள். என் தோளில் சாயச் சொன்னால், "உமக்கும் நோகும்" என்பீர்கள்.

யாரிடமும் வாய் திறந்து கேட்காத மனுசன், அண்ணரிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"அண்ணை, இதுகளைக் கழட்டிப்போட்டு, சாய்ஞ்சு கால் நீட்டக்கூடினமாதிரி ஒரு இருக்கை போடுவமே?"

அவர் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "சீசன் முடியட்டும் தம்பி. வாறவை மேசை கேப்பினம்."

சீசன் முடிய முன்னமே உங்களைச் சேமக்காலையில் அடக்கம் செய்தோம். தன்வினை தன்னைச் சுடும் என்று செத்தவீட்டிலேயே ஒருவர் சொன்னார். அவருக்கும் நான்தான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு, வானில் தங்கிப்போன ஒரு வெளிநாட்டுச் சோடி, அந்த இருக்கை பெரிய தண்டனை என்று இணையத்தில் எழுதிவிட்டதாம். அந்தக் கிழமையே வான் பட்டறைக்குப் போனது. இப்போது ஒரு பக்கமாக நீளமான மெத்தை இருக்கை, சாய்ந்து படுக்கலாம், கால் நீட்டலாம். மேசை மடிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் கேட்டது அப்படியே. மெத்தைக்கு உறை தைக்கத் துணியைக் கொண்டுவந்து, தையல்காரியான என்னிடமே தந்தார் அண்ணர்.

அளவெடுக்க ஏறினேன். குறை பிடிக்கவென்றே இருந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. நாரி ஆறியது, கால் தானாக நீண்டது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு கிழமை வேலைக்கா உங்களை அந்தப் பாடு படுத்தினார்கள்?

"அவன் இருந்திருந்தா நல்லாச் சாய்ஞ்சிருப்பான்," என்றார் அண்ணர், வான் கதவடியில் நின்று.

"உங்களிட்டைக் கேட்ட நேரம் உயிரோடதான் இருந்தவர், அத்தான்."

அவர் கதவை விட்டிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

நேற்றுப் பின்வீட்டுச் சந்தியோகு அண்ணையின் மனைவி வந்தா. சந்தியோகு அண்ணைக்கும் உங்கள் வருத்தம்தான், அதே முள்ளந்தண்டுப் புற்றுநோய். பஸ்ஸில் இருக்க ஏலாதாம். கொழும்புக்குப் போக வான் கேட்டாவாம். உங்கள் அண்ணர் என்ன சொன்னார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? சீசன் முடியட்டுமாம்.

பொழுதுபட அண்ணர் உறையைக் கேட்டு வந்தார். "எங்கை பிள்ளை? நாளையண்டைக்கு ஆக்கள் வருகினம்."

"தைச்சு அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டியாச்சு. சந்தியோகு அண்ணை கொழும்புக்குப் போற அண்டைக்கு நானே வந்து போட்டுவிடுறன்."

"உமக்கென்ன, விசர் பிடிச்சிட்டுதே?"

"ஓம்," என்றேன்.

உறை இல்லாத மெத்தையில் வெள்ளைக்காரரை இருத்த அவருக்கு மனம் வராது. உங்களைப் பலகையில் இருத்த வந்தது.

மன்னிக்கச் சொல்கிறார் பங்குச் சுவாமி. நீங்கள் மன்னித்துவிட்டுத்தான் போயிருப்பீர்கள், உங்கள் குணம் அது. என்னால் முடியாது, என்னிடம் அதைக் கேட்காதேங்கோ. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். உறை போட்ட அந்த இருக்கையில் முதலில் முதுகு சாய்ப்பது சந்தியோகு அண்ணைதான். அதுவரை அலுமாரிப் பூட்டின் திறப்பு, நூலில் கோத்தபடி, என் தாலிக்கொடி கிடந்த கழுத்தில் கிடக்கும்.

உங்கள் கோபக்கார மனுசி