சத்தத்தை நிறுத்திப் பார்த்த ஆட்டம்

என் அம்மாவுக்கு,

1978 ஜூன் 27, செவ்வாய்க்கிழமை, காலை ஆறே கால். நேற்று சாயங்காலம் நம் தேயிலைத் தோட்டத்து மன்றத்தில் எண்பத்து மூன்று பேர் உட்கார்ந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டம் பார்த்தோம். நீ இருந்திருந்தால் எண்பத்து நாலு. ஆலைக்குக் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

முந்தின இரவு நடந்த ஆட்டத்தின் மறு ஒளிபரப்புதான். அர்ஜென்டினா ஜெயித்ததைக் காலையிலேயே ரேடியோ சொல்லிவிட்டது. முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு இத்தனை கூட்டமா என்று கேட்காதே. மேட்டில் நான் நட்ட டிவி ஏரியலில் படம் நிற்காது என்று சொல்லி, அதைப் பார்க்கவே வந்தவர்கள் பாதிப் பேர். நின்றதம்மா. இந்த மலாய் நாட்டு மலைக்குள் அந்த மைதானம் வந்து நின்றது.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. போன வாரம் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. கோப்பை நடக்கும் அர்ஜென்டினாவைப் பட்டாளம் பிடித்து வைத்திருக்கிறது. வீடு புகுந்து பிள்ளைகளைக் கொண்டுபோகிறார்கள். எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. அம்மாமார் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, அரண்மனைக்கு முன்னால் சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். அந்தத் துணியைப் பார்த்ததும் எனக்குக் கொழுந்து பறிக்கத் தலையில் துணியோடு போகும் உங்கள் வரிசைதான் கண்ணில் வந்தது. படத்தை வெட்டி மன்றத்துச் சுவரில் ஒட்டினேன்.

நம் டீம் கேப்டன் முனியாண்டிக்கு எரிச்சல். "டேய் என்ஜினியரு, பந்து பாக்கலாமா வேணாமா, அத மட்டும் சொல்லுலா."

"பாக்கலாம். ஆனா இந்தப் படத்த யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் அந்தப் பட்டாளத்தானுங்க பந்தக் காட்டுறானுங்க."

"ஆடுறவன் என்னடா பண்ணுவான்? பாவம்."

"ஆடுறவன விடு. இங்க குந்திக்கிட்டு கை தட்டுற நாம என்ன பண்றோம்?"

எனக்குப் பதில் இல்லாத கேள்வி பிடிக்காது என்று உனக்குத் தெரியும். உடனே கையில் ஸ்க்ரூடிரைவர் எடுப்பேன். அதையேதான் செய்தேன்.

நீ செத்தபின் பதினாறு நாளும் லயத்து வரிசை வீடுகளில் ஒரு ரேடியோ பாடவில்லை. அந்த வாரம் நடந்த நம் தோட்டக் கோப்பை ஆட்டத்தைத் தள்ளிப்போட முடியவில்லை. விசிலை விட்டால் வேறு சத்தமே இல்லாமல் ஆடினார்கள். முனியாண்டி கோல் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தான். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று கீப்பரைத் திட்டும் உன் குரல் இல்லாத முதல் ஆட்டம் அது. பக்கத்தில் துக்கம் என்றால் சத்தம் கூடாது. நம் லயத்தின் சட்டம் அதுதானே? டிவியின் ஸ்பீக்கர் வயரைக் கழற்றினேன். "துக்க வீட்டுல நடக்கிற ஆட்டம். சத்தமில்லாம பாப்போம்" என்றேன். யாரும் மறுக்கவில்லை.

அம்மா, நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. மைதானம் முழுக்கக் காகிதம் கொட்டியது. நம் ஆலையில் தேயிலை சலிக்கும் அறையில் வெயில் விழும்போது தூசி மிதக்குமே, அப்படி மிதந்தது. புல்லே தெரியவில்லை. முடி வளர்த்த ஒருத்தன் அந்தக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு ஓடி, விழுந்துகொண்டே அடித்தான். கோல். எண்பத்து மூன்று பேரும் மூச்சு இழுத்தது கேட்டது. அழகு, இத்தனை கெட்டவர்கள் வீட்டு வாசலில் எப்படியம்மா வந்து நிற்கிறது? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

இடைவேளையில் அஞ்சலை அக்கா எழுந்து வந்தாள். அவள் மகன் ரவியை நீ மறந்திருக்க மாட்டாய். இரண்டு வருடம் முன்னால் திரிங்காப் ஊரில் முட்டைகோஸ் ஏற்றிய லோரியில் கிளீனராக மலையிறங்கிப் போனவன், திரும்பவில்லை. செத்தவனாக நினைத்துப் படையலைப் போட்டு முடித்துவிடு என்று லயமே அவளிடம் சொல்கிறது. நானும் ஒருமுறை சொன்னேன்.

"சேகரு, யாருக்குடா துக்கம் காக்குற?"

"அந்தப் பிள்ளைங்களுக்குக்கா."

"செத்துட்டாங்கன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

அக்கா சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். "அவுங்க தேடுறாங்கடா. தேடுறவ முன்னாடி துக்கம் காத்தா, புள்ளைய நீயே பொதைக்கிறேன்னு அர்த்தம். வயர மாட்டுலா."

மாட்டினேன். இரண்டு முனையையும் முறுக்கிவிட்டதும் அந்த இரைச்சல் மன்றத்துத் தகரக் கூரையை அதிர வைத்தது. அக்கா பெட்டிக்கு முன்னால் போய்க் கால் மடக்கி உட்கார்ந்தாள். அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முனியாண்டி, "என்னக்கா கேக்குற?" என்றான்.

"அவ்ளோ பேர்ல ஒருத்தியாவது புள்ள பேரச் சொல்லிக் கூப்பிடுவால்ல?"

ஒலிவாங்கி எங்கே இருக்கும், அத்தனை இரைச்சலில் ஒரு குரல் ஏன் பிரிந்து வராது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ஹாலந்துக்காரன் ஒன்று போட்டுச் சமன் செய்தான். நேரம் முடியும் தறுவாயில் அவர்களில் இன்னொருத்தன் அடித்தான். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்த ஒரு நொடி மைதானமே மூச்சடைத்து நின்றது.

"இப்பக் கேக்கும்" என்றாள் அக்கா.

எண்பத்து மூன்று பேரும் கேட்டோம் அம்மா. முனியாண்டியும் கேட்டான். அர்ஜென்டினா ஜெயிக்கும் என்று தெரிந்த ஆட்டத்தில், தெரியாத ஒரு பேருக்காகக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தோம். அதன் பிறகு கூடுதல் நேரத்தில் விழுந்த கோல்களுக்குச் சிலர் கத்தினார்கள், சிலர் கத்தவில்லை. நான் என்ன செய்தேன் என்று கேட்காதே.

இந்தக் கடிதத்தை மன்றத்தில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டப் போகிறேன். அக்காவிடம் கேட்டேன். "எம்மவன் பேரப் பெருசா எழுது" என்றாள். பெயர் ரவி. படிப்பவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆலைச் சங்கு ஊதப் போகிறது. இனி செய்யப்போவது:

1. நாளைக்கு அரை நாள் லீவு. அக்காவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தானா ராத்தா போலீஸ் நிலையம் போய், ரவியைக் காணவில்லை என்று புகார். இரண்டு வருடமாக யாருமே கொடுக்கவில்லை. மலாய் மொழியில் நான் பேசுவேன்.

2. ஞாயிற்றுக்கிழமை திரிங்காப். லோரி டிரைவர்கள் ஒவ்வொருவரிடமும் ரவியின் படத்தைக் காட்ட வேண்டும். முனியாண்டியும் வருகிறான்.

3. ஸ்பீக்கர் வயரை ஒழுங்காகப் பற்றவைக்க வேண்டும். இனிக் கழற்ற வேண்டிவராது.

4. அடுத்த கோப்பையையும் பார்ப்பேன். எந்த ஊரில் நடந்தாலும், அந்த ஊர் அம்மாமார் எங்கே நிற்கிறார்கள் என்று முதலில் விசாரித்துவிட்டுப் பார்ப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கோல் கம்பத்துக்குப் பின்னால் நீ நின்ற இடத்தில் இப்போது நிற்கும் உன் மகன்,
சேகரன்