படத்தில் ஓடும் வாய்க்கால்

20 ஆகஸ்ட் 1974, செவ்வாய்

ஆத்திரம் அடங்கவில்லை. சோறும் இறங்கவில்லை.

இன்று பஞ்சாயத்து சபைக் கூட்டத்தில் புதிய மனைப்பிரிவுக்குத் தார் ரோடு போடத் தீர்மானம் நிறைவேறியது. அங்கே ஒரு வீடுகூட இல்லை, நட்ட கற்களைச் சுற்றி ஆடு மேய்கிறது. எங்கள் குப்பத்துக்கு ரோடு கிடையாது. பெண்கள் மீன்கூடையோடு காரைக்கால் மார்க்கெட்டுக்கு நடக்கும் பாதை, சர்வே படத்தில் வாய்க்கால் என்று இருக்கிறதாம்.

"வாய்க்கா மேல எப்படிங்க ரோடு போடறது?" என்றார் தலைவர். மற்ற உறுப்பினர்கள் சிரித்தார்கள்.

"கார்த்திகை மழையில வந்து அளந்தாங்க. அப்ப இடுப்பளவு தண்ணி. இப்ப வந்து பாருங்க, புழுதி பறக்குது" என்று மேசையைத் தட்டினேன்.

"அளக்கும்போது ஊர்க்காரங்க யாரும் சொல்லலீங்களா?"

உட்கார்ந்துவிட்டேன். அன்று சர்வே சங்கிலியின் மறுமுனையைப் பிடித்து நடந்தவன் நான்தான். தண்ணீருக்குள் கிடந்த பாதையைக் காட்டி, "இது என்னய்யா?" என்று சர்வேயர் கேட்டார். முந்தின வாரம்தான் பிரசவ வலியில் துடித்த தங்கை செல்லம்மாவைக் கட்டிலோடு அந்தத் தண்ணீரில் தூக்கிப் போனோம். பிள்ளை தங்கவில்லை. அந்தக் கடுப்பில், "பாத்தா தெரியலீங்களா? வாய்க்கா" என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

கூட்டம் முடிந்து வந்தால், வீட்டு வாசலில் செல்லம்மா காலிக் கூடையோடு நிற்கிறாள்.

"ரோடு வருதாண்ணே?"

"படத்துல வாய்க்கான்னு எழுதிப்புட்டாங்க."

"எவன் சொல்லி எழுதுனாங்களாம்? அவன் நாக்கு அழுகிப் போவ."

"ஆமா" என்றேன்.