நடுவில் இருந்த பெட்டி

அன்பு மகள் தனுஷிகாவுக்கு அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் ஜோர்தானில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க டயகம மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

அம்மா மண்சரிவில் புதைந்த அன்று ஆபத்துச் சங்கு ஏன் ஊதவில்லை என்று போனில் கேட்டாய். அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும், வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நம் லயத்து வீடுகளுக்கு மேலே மலையில் யுனிவர்சிட்டி கம்பஸ்காரர்கள் நட்ட பெட்டிகள் மண் அசைவதைப் பார்த்து ஒன்றுக்கொன்று செய்தி கடத்தும், கடைசிப் பெட்டிக்கு வந்து சேர்ந்தால் தேயிலைப் பெக்டரிக் கூரையில் இருக்கும் சங்கு ஊதும். ஒரு வாரமாக வெயில் இல்லாததால் நடுவில் இருந்த பெட்டிக்கு வெயிலில் ஏறும் கரண்ட் தீர்ந்துவிட்டது. நான் அக்கரப்பத்தனைக்கு மருந்து எடுக்கப் போயிருந்தேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராக்காயி, "மழ ஒரு மாதிரியா இருக்கு, வாங்கக்கா ஸ்கூலுக்குப் போயிருவோம்" என்று கூப்பிட்டிருக்கிறாள். "சங்குச் சத்தம் வரலையே, சோத்த வடிச்சிட்டு வர்றேன்" என்றாளாம் அம்மா.

கருமாதி முடிந்து வெயில் அடித்த பிறகு சங்கு ஊதியது. சனமெல்லாம் ஓடியது, நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். பெட்டிகளைப் பார்க்கும் கிஷாந்த் சேர் வந்தார். "ஐயா, மேல உள்ள பெட்டி அன்னைக்கே சொல்லிருச்சு. வாங்குறதுக்கு ஆள் இல்ல. பதில் வர்ற வரைக்கும் செய்திய வச்சிருந்து திரும்பத் திரும்ப அனுப்பும். இப்பத்தான் போய்ச் சேந்திருக்கு" என்று சொல்லி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

இனி ஒரு பெட்டி பேசாமல் போனாலே ஆபத்து என்று எடுத்துச் சங்கு ஊதும்படி மாற்றலாமா என்று கூட்டம் போட்டுக் கேட்டார். மூடுபனி வந்தாலே கத்துமே, வேலையை விட்டு எத்தனை தடவை ஓடுவது என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள். நான் எழும்பி, "பொய்யா கத்துனாலும் ஓடுவோம்" என்றேன். அப்படியே மாற்றிவிட்டார்கள்.

நீ லீவு கேட்டு அலையாதே, இங்கே வந்து பார்க்க ஒன்றுமில்லை. குளிருக்குத் தலையை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. நான் இப்போது கீழ் லயத்தில் இருக்கிறேன். நேற்றும் பனியில் கத்தியது, ஓடினோம், ஒன்றுமில்லை, திரும்பி வந்தோம். சம்பல் அரைத்தேன். உப்புப் போட்டேனா என்று தெரியவில்லை, சாப்பிட்டேன்.

நீ நல்லா இருக்க வேண்டும்.

உன் அப்பா,
பழனியாண்டி